டெலிவரி செயலிகளை எழுதும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

ரேட்டிங், இன்சென்டிவ், ஆர்டர் ஒதுக்கீடு என்று நீங்கள் எழுதும் நிரல்களுக்கெல்லாம் ஒரு மூத்த தாய்வீடு உண்டு, சைபர்நெட்டிக்ஸ். இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிக்குக் குறி கணிக்கும் வேலையில் இருந்த அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், 1948-இல் அதைத் தனித் துறையாகவே எழுதி வைத்தார். விளைவைக் கவனி, அதைத் திரும்ப உள்ளே அனுப்பு, அடுத்த செயலைத் திருத்து. சாரம் இவ்வளவுதான்.

அது யார் கைக்குப் போகும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. தானியங்கிக் கருவிகள் குறித்து ஆலோசனை கேட்ட ஒரு பெரிய நிறுவனத்தை மறுத்துவிட்டார். 1949-இல் அமெரிக்க மோட்டார் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ரூதருக்குத் தானாகவே கடிதம் எழுதி, வேலைகள் பறிபோகும் என்று எச்சரித்தார்.

மதியம் ஒரு மணிக்கு ஏதாவது ஒரு பிரியாணிக் கடை வாசலில் நின்று பாருங்கள். பார்சல் இன்னும் கட்டவில்லை, ரைடரின் போனில் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் பசியோடு காத்திருப்பவர் கோபத்தில் ஒரு ஸ்டார் போடுகிறார். பல நேரம் அது வண்டி ஓட்டியவர் தலையில்தான் விடிகிறது. ரேட்டிங் இறங்க, ஆர்டர் குறைய, ஒருநாள் ஐடி பிளாக். ஏன் என்று சாட்டில் கேட்டால் எல்லோருக்கும் போகும் அதே பதில்தான் வருகிறது.

இதைக் கவனக்குறைவு என்று என்னால் நினைக்க முடியவில்லை. ரைடர் நிற்கும் இடம், வேகம், மறுத்த ஆர்டர் எல்லாம் உடனுக்குடன் மேலே போகின்றன. அவர் சொல்ல வருவது மட்டும் போக வழியில்லை. மேற்பார்வையாளர் சம்பளம் நிறுவனத்துக்கு மிச்சம். பெட்ரோலும் காத்திருப்பும் ரைடர் செலவு. லாபம் வருவது இப்படித்தான்.

வேறு மாதிரியும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1971-இல் சிலியின் அலெண்டே அரசு அழைக்க, பிரிட்டிஷ் சைபர்நெட்டிக்ஸ் அறிஞரான ஸ்டாஃபோர்ட் பியர் போய் சைபர்சின் திட்டத்தை வடிவமைத்தார். அரசுடைமை ஆலைகளின் கணக்கு, தட்டச்சு செய்ததைக் கம்பி வழியே அனுப்பும் டெலக்ஸ் மூலம் தலைநகர் சாண்டியாகோவுக்கு வரும். ஓர் ஆலையின் எண் வழக்கத்தை விட்டு விலகினால், முதல் தகவல் அந்த ஆலைக்கே. சரிசெய்ய அவகாசம் உண்டு. அதற்குள் முடியாவிட்டால்தான் விஷயம் மேலே போகும். தலைமை எல்லாவற்றிலும் தலையிடாமல் இருக்க பியர் யோசித்துச் செய்த ஏற்பாடு அது. திட்டம் முழுமையடையவில்லை, தொழிலாளர் கைக்கும் அவர் விரும்பிய அளவுக்குப் போய்ச் சேரவில்லை. 1973 செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்ததோடு எல்லாம் முடிந்தது. ஆனாலும் அந்த ஒரு ஏற்பாட்டை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஐடியை முடக்கும் முன் காரணத்தை ரைடருக்கே அனுப்புங்கள். பதில் சொல்ல நாள் கொடுங்கள், அதை ஒரு மனிதர் படிக்கட்டும். கடை தாமதித்த நேரத்தை அவர் கணக்கிலிருந்து கழியுங்கள். இன்சென்டிவ் மாறினால் லாகின் செய்யும் முன்பே தெரியட்டும். தமிழ்நாட்டில் 2023-இல் ரைடர்கள் போன்ற செயலிவழித் தொழிலாளர்களுக்கென்று நலவாரியம் வந்தது, நல்லதுதான். ஆனால் நிரலைத் திறந்து திருத்துவது வாரியத்தின் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த டிசைன் மீட்டிங்கில் இதை எடுத்துப் பேசுங்கள். முடியாது என்று மேலிடம் சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் செயலியில் தினமும் சாப்பாடு வாங்கும் ஒருவர்