சேற்றில் பதியும் தோல் வரி பனியில் நிற்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மர்மக் காலடித் தடங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைரேகை போல உள்ளங்காலில் இருக்கும் தோல் வரிகள்கூடத் தெரிவதால் தடம் உண்மையானதுதான் என்று அதில் முடிவுகட்டியிருந்தார்கள். பல ஆண்டுகள் நிலவியல் கற்பித்தவன் நான். இதை அப்படியே விட மனம் வரவில்லை.

சேற்றில் தோல் வரி பதியும், சந்தேகமில்லை. உள்ளங்காலில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். களிமண் துகளோ 0.004 மி.மீ.க்கும் சிறியது, அவ்வளவு நுணுக்கத்தையும் அது தாராளமாகப் பிடித்துவைக்கும். பருமணலில் முடியாது, அதன் ஒரு துகளே அரை மி.மீ. இருக்கும். ஈரப்பதமும் சரியாக அமைய வேண்டும். சேறு ரொம்பக் குழைந்திருந்தால் காலை எடுத்ததும் தடம் மூடிக்கொள்ளும், அல்லது சேறே காலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாதம் லேசாக வழுக்கினாலும் போச்சு. இத்தனையும் கூடி வந்த இடம் ஒன்று உண்டு. தென்கொரியாவின் ஜின்ஜு பாறைப் படிவில் 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய குட்டி டைனோசர் தடங்களை ஆய்வாளர்கள் 2019-ல் விவரித்தார்கள். ஓர் அங்குல நீளமே உள்ள அந்தத் தடங்களில், அரை மி.மீ.க்கு மேற்படாத தோல் செதில்களின் அச்சு அப்படியே இருக்கிறது. அந்தப் படங்களை முதலில் பார்த்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

பனி அப்படியல்ல. அதன் மணிகள் பெரும்பாலும் வரிகளின் அளவுக்கே இருக்கும். வெறுங்கால் பட்டால் உடல் சூட்டில் மேற்பரப்பு உருகி, நுணுக்கம் அங்கேயே மழுங்கிவிடும். அப்புறம் வெயிலும் காற்றும் விளிம்புகளைக் கரைத்துத் தடத்தையே பெரிதாக்கும். 1951-ல் மலையேறி எரிக் ஷிப்டன் இமயமலையின் மென்லுங் பனியாற்றில் எடுத்த, ‘எட்டி’ எனும் பனிமனிதனின் தடம் என்று புகழ்பெற்ற படத்தில் விரல்களின் வடிவம்தான் தெரிகிறது, தோல் வரி தெரியவில்லை.

கட்டுரை தொடாமல் விட்டது வார்ப்பை, அதாவது தடத்தில் பிளாஸ்டர் ஊற்றி எடுக்கும் அச்சை. அமெரிக்காவின் ப்ளூ மலைப்பகுதியில் 1982-ல் எடுத்த, பிக்ஃபுட் என்று சொல்லப்படும் மர்ம வாலில்லாக் குரங்கு மனிதனின் தட வார்ப்புகளில் தோல் வரிகள் இருப்பதாக மானுடவியலாளர் குரோவர் கிரான்ட்ஸ் வாதிட்டார். ஆனால் காய்ந்த நுண்மண்ணில் பிளாஸ்டர் கரைசலை ஊற்றினால் மண் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பரவிவரும் கரைசலின் ஓரம் இறுகி இறுகி, வரிவரியாக மேடுகள் எழும். பார்த்தால் தோல் வரி போலவே இருக்கும். பின்னாளில் சிலர் இதைச் செய்தே காட்டினார்கள். பனியில் சிக்கல் இன்னும் அதிகம். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், பனி உருகும். அதனால்தான் தடயவியல் துறையினர் பனித் தடத்தின் மேல் முதலில் மெழுகைத் தெளித்துவிட்டு வார்ப்பு எடுக்கிறார்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு வார்ப்பின் படத்தை வெளியிடும்போது, பிளாஸ்டர் ஊற்றுவதற்கு முன் அதே தடத்தை அளவுகோல் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் தயவுசெய்து கேட்டு வாங்கிப் போடுங்கள். வரிகள் அதிலும் தெரிந்தால் பார்க்க முதல் ஆளாக நான் வருவேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர் ஒருவர்