மணற்காட்டு மணலுக்கு எந்த மெழுகு

ஒஸ்லோ,
18.01.2026

அன்பின் தம்பிக்கு,

நாங்கள் நலம். அங்கை அம்மாவும் நீங்களும் சுகமாய் இருக்க நல்லூரானை வேண்டுறன். ஆசையம்மாவின்ரை மோள் கொண்டுவந்த பார்சல் கிடைச்சது. மிளகாய்த்தூள் பை வெடிச்சு உன்ரை கடிதம் சிவப்பாய்த்தான் வந்து சேந்தது. வாசிக்கேக்கை கண் எரிஞ்சது தூளாலைதான் எண்டு அம்மாவுக்குச் சொல்லு. தீபாவளிக்கும் கதைக்கேல்லை, பொங்கலுக்கும் கதைக்கேல்லை எண்டு நீ எழுதினது நியாயம். போனிலை ரெண்டு சொல் அனுப்பினால் காணும்தான். ஆனால் கடதாசியிலை வந்தால்தானே அம்மாவுக்குக் கடிதம். அதுதான் ஒரேயடியாய் இருந்து எழுதுறன்.

நீ வாங்கப் பாக்கிற பழைய கரண்ட் கார்க் கதைக்குப் பேந்து வாறன். முதல் அம்மா கேட்டது. டிசம்பரிலை காலமை ஒன்பதேகாலுக்கு விடிஞ்சு, பின்னேரம் மூண்டேகாலுக்கு முதலே இருண்டிடும். இப்ப ஒவ்வொரு நாளும் மூண்டு நாலு நிமிசம் வெளிச்சம் கூடிக்கொண்டு வருது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. தமிழ்க் கடையிலை முருங்கைக்காய் கிடக்கும். நாங்கள் இப்ப முருங்கைக்காயை அவ்வளவாய் விரும்புறேல்லை. ஒடியல் மாவிலை ஒருக்காக் கூழ் காச்சினன், நண்டுக்குப் பதிலாய் இஞ்சத்தை கொட் மீன் போட்டு. இஞ்சத்தை ஆக்கள் பாணுக்கு வைச்சுத் தின்னுற மண்ணிறக் கட்டியைப் பற்றி அம்மா கேட்டவ. அது ஆட்டுப்பாலிலை கட்டி எடுத்தாப்பிறகு மிஞ்சுற தண்ணியை மணித்தியாலக் கணக்காய்க் காச்சி வத்தவைக்கிறது. பால்ரொபிக்கு உப்புப் போட்டது எண்டு நினைச்சுக்கொள்ளச் சொல்லு.

பனி கொட்டினவுடனை இவையளுக்கு ஒரு விசர் பிடிக்கும். அதுதான் ஸ்கீ, காலிலை நீட்டுப் பலகையளைக் கட்டிப் பனியிலை வழுக்கி ஓடுறது. எழுத்திலை அப்பிடி இருந்தாலும் வாயிலை ‘ஷீ’ எண்டுதான் வரும். அம்மாவுக்கு வாசிக்கேக்கை பாத்து வாசி, ஆரையோ ‘சீ’ எண்டு பேசுறன் எண்டு நினைப்பா. பிள்ளையள் காலிலை ஸ்கீயோடைதான் பிறக்குங்கள் எண்டு இவையளுக்கு ஒரு சொல் இருக்கு. ஒண்டாம் நம்பர் நகர ரயிலிலை ஆக்கள் ஆளுயரப் பலகையளைப் பிடிச்சுக்கொண்டு நிப்பினம். அரைமணித்தியாலத்திலை ரயில் காட்டுக்குள்ளை இறக்கிவிடும். வழியிலை ஹோல்மன்கொல்லனிலை 1923இலை திறந்த ஸ்கீ நூதனசாலை இருக்கு, உலகத்திலை ஆகப் பழசு அதுதான். இந்த ஓட்டத்துக்குத் தகப்பன் எண்டு இவையள் கொண்டாடுற சொந்ர நூர்ஹைம் ரெலமார்க் பக்கத்து ஏழைக் குடியானவன். அந்த மனுசனும் 1884இலை அமெரிக்காவுக்குக் கப்பலேறி, மலை எண்ட பேச்சே இல்லாத நோர்த் டகோட்டாச் சமவெளியிலை கண்மூடினவர். அங்கையும் வீட்டு வாசலிலை ஒரு சோடி ஸ்கீயைச் சாத்தியே வைச்சிருந்தவராம்.

பின்னேரங்களிலை நான் ஒரு விளையாட்டுச் சாமான் கடையிலை ஸ்கீக்கு மெழுகு பூசப் போறன். பொழுதுபோகத்தான், வேறை ஒண்டும் இல்லை. சும்மா பூசுற வேலை எண்டு நினைக்காதை. காட்டுப் பாதையிலை ஓடுற ஸ்கீக்கு நுனியும் வாலும் வழுக்க வேணும். நடுவிலை, பாதத்துக்குக் கீழை, பிடிக்க வேணும். ஒரே பலகையிலை ரெண்டு குணம். வழுக்கு மெழுகை இஸ்திரிப்பெட்டியாலை உருக்கித் தேய்ச்சு, ஆறவிட்டு, பிளாஸ்ரிக் தகட்டாலை சுரண்டி எடுத்து, பிறகு பிறஸ்ஸாலை உரஞ்ச வேணும். மெழுகு பலகையின்ரை துவாரங்களுக்குள்ளைதான் இருக்க வேணும். மேலை மிஞ்சினால் இழுக்கும். புளோரின் சேந்த மெழுகுதான் முந்தி ராசா, ஆனால் 2023–24 பருவத்திலையிருந்து சர்வதேசப் போட்டியளிலை அதுக்குத் தடை.

பிடிமெழுகு சின்ன டப்பியளிலை நிறம் நிறமாய் வரும். பச்சை கடுங்குளிருக்கு. நீலத்திலை நல்லாய் விலைப்படுறது பூச்சியத்துக்குக் கீழை ஒண்டு தொடக்கம் ஏழு பாகை வரைக்கும் நிக்கும். ஊதா பூச்சியத்துக்குக் கிட்ட, சிவப்பு ஈரப் பனிக்கு. மெல்லிசாய் மூண்டு நாலு பூச்சு, ஒவ்வொரு பூச்சையும் தக்கையாலை உரஞ்சி உரஞ்சிப் பூச வேணும். குளிருக்கு மீறி இறுக்கமான மெழுகெண்டால் ஏத்தத்திலை பின்னுக்கு வழுக்கும். இளக்கமானதெண்டால் பனி அடியிலை கட்டிகட்டியாய்ப் பிடிச்சு, உயரக் குதிச் செருப்புப் போட்டு வயலுக்குள்ளை நடந்த மாதிரி இருக்கும். பூசினவுடனை சூட்டோடை பனியிலை வைச்சாலும் அதே கூத்துத்தான். வெளியிலை பத்து நிமிசம் சாத்தி ஆறவிட வேணும். பூச்சியத்திலை புதுப்பனி கொட்டுற நாளிலை எந்த டப்பியும் சரிவராது, வாடிக்கையாளர் எல்லாரும் எங்களைத்தான் பேசுவினம். உருகி இறுகின பழம் பனிக்கு கிளிஸ்ரர் எண்டு ரியூப்பிலை ஒரு பசை வரும். அசல் பிலாப்பால்! கையிலை பிடிச்சால் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ச்சால் போகும். அதைக் காட்டிக் குடுத்தாப்பிறகு கடையிலை எனக்கு ஒரு மதிப்பு.

உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு முழுச் சனமும் மலையிலை இருக்கிற மரக் கொட்டிலுகளுக்குப் போகும். பையிலை தோடம்பழமும், 1937இலையிருந்து விக்கிற குவிக் லுன்ஷ் சொக்கிலேற்றும் இருக்க வேணும், அது சட்டம் மாதிரி. பிள்ளையளும் கேக்குதுகள். அத்தானுக்கு அந்தக் கிழமை வேலை கூட, அதாலை இந்த முறை வசதிப்படாது. வாற முறை பாப்பம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். போன முறையும் அப்பிடித்தான் சொன்னனான்.

இப்ப கார். இஞ்சை புதுசாய் விக்கிற கார் பத்திலை ஒன்பதுக்கும் மேலை கரண்ட் கார்தான். தொடக்கத்தைக் கேட்டால் சிரிப்பாய். 1989இலை ஆ-ஹா பாட்டுக்குழுக்காரர் ரெண்டுபேரும் சுற்றாடல் அமைப்பொண்டும் சேந்து கரண்டுக்கு மாத்தின ஒரு சின்னப் பியற் பண்டாவைக் கொண்டுவந்து, வீதிச் சுங்கம் கட்ட மாட்டம் எண்டு ஓடித்திரிஞ்சவை. அரசாங்கம் காரைப் பறிச்சு ஏலத்திலை விடும், இவையளே திரும்ப எடுப்பினம். பிறகு வரியும் சுங்கமும் விட்டுக்குடுத்தாப்பிறகுதான் சனம் மாறினது. ஆனால் எங்கடை கீழ்வீட்டு மனுசனைக் கேட்டால், தானே பெத்து வளத்த மாதிரிக் கதைப்பார். வீடியோவிலை அம்மாவுக்குக் கைகாட்டினாரே, அவர்தான். குடும்பம் எப்பிடி எண்டு கேட்டால், நூறு கிலோமீற்றருக்கு எத்தினை கிலோவாற் மணி போச்சுதெண்டு மறுமொழி வரும். மிச்சம் பிடிக்க காரிலை சூடு போடமாட்டார். தொப்பி, கையுறை, கம்பளிக் கோட்டோடை இருந்து ஓடுவார், வாயிலையிருந்து புகை வரும். காரிலையிருந்து புகை வராது எண்டது அவருக்குப் பெருமை. இறக்கத்திலை பிறேக் பிடிச்சால் கரண்ட் பற்றறிக்குத் திரும்புதெண்டு அதிசயப்படேக்கை, பொருளாதாரத் தடைக் காலத்திலை சைக்கிளைத் தலைகீழாய் நிப்பாட்டி டைனமோவைச் சுத்தி றேடியோ செய்தி கேட்ட அப்பாவைத்தான் நினைக்கிறன். சூப்பிப் போத்திலாலை நாலு துளி பெற்றோல் சீச்சி ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயிலை ஓடின சனத்துக்கு இவர் சிக்கனம் படிப்பிக்கிறார்.

பகிடி பகிடிதான், கணக்கிலை மனுசன் பிழைவிடார். இந்தக் குளிருக்கு ஒரு கரண்ட் கார் ஓடுற தூரம் ஐஞ்சிலொண்டு தொடக்கம் மூண்டிலொண்டு வரைக்கும் குறையும். பற்றறிக்குள்ளை வேலை மந்தமாகும். பெற்றோல் எஞ்சின் மாதிரி ஓசிச் சூடு இல்லாததாலை, ஆக்களைச் சூடாக்கவும் பற்றறியிலையிருந்துதான் எடுக்க வேணும். கூரையிலை ஸ்கீப் பெட்டி கட்டினால் காத்தும் தன்ரை பங்கை எடுக்கும். அதாலை சார்ஜ் வயர் மாட்டியிருக்கேக்கையே இருபது முப்பது நிமிசம் முதல் காரைச் சூடாக்கிப்போட்டு வெளிக்கிட வேணும். சீற்றுச் சூடு நூறு வாற்றுக்குள்ளை முடிஞ்சிடும், உள்ளறை முழுக்கச் சூடாக்க ஆயிரக்கணக்கிலை போகும். வழியிலை சார்ஜ் போடுறதெண்டால் அந்த இடத்தைக் காரின்ரை வழிகாட்டியிலை போட்டு ஓட வேணும், அப்பதான் பற்றறி முன்கூட்டிச் சூடாகி கெதியாய் எடுக்கும். எண்பது வீதத்துக்கு மேலை ஆமை வேகம். உயிர்த்த ஞாயிறுக் கூட்டத்திலை, பின்னுக்குப் பத்துக் கார் நிக்க, நூறு வீதம் வரும் வரைக்கும் கோப்பி குடிச்சுக்கொண்டு நிக்கிற ஒருத்தன் எல்லா வரிசையிலையும் இருப்பான். ரக்சி ஓடுற அத்தானுக்கும் கரண்ட் காரை விட்டால் வேறை வழியில்லை. 2024 நவம்பர் தொடக்கம் ஒஸ்லோவிலை ரக்சி எல்லாம் புகைவிடாததாய் இருக்க வேணும் எண்டு சட்டம், அதாலை மாத்தினவர். கடன் ஒரு சொட்டுத்தான்.

இனி நீ கேட்ட 2014ஆம் ஆண்டு நிசான் லீஃப். 2025 பெப்ரவரியிலை வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டாப்பிறகும் புதுசின்ரை விலை கைக்கு எட்டாததாலைதான் நீ பழசிலை கண் வைச்சிருக்கிறாய், விளங்குது. ஆனால் இதைக் கவனமாய் வாசி. இஞ்சை குளிர் பற்றறியை நித்திரையாக்கும், வெயில் வர எழும்பியிடும். உங்கத்தை வெயில் பற்றறியைத் தின்னும், தின்னது திரும்ப வராது. லீஃபிலை பற்றறியை ஆத்தத் தண்ணியும் இல்லை, காத்தாடியும் இல்லை. மீற்றர் தட்டின்ரை வலக்கரையிலை பன்னிரண்டு சின்னக் கட்டம் நிக்கும். சார்ஜ் காட்டுற பெரிய கட்டத்தைப் பாத்து ஏமாறாதை, சின்னதுதான் பற்றறியின்ரை ஆயுள். முதல் கட்டம் விழேக்கையே பதினைஞ்சு வீதமளவு போட்டுது எண்டு அர்த்தம். எட்டுக் கட்டமெண்டால் மூண்டிலை ரெண்டுதான் மிச்சம். சில பேர் அதை அழிச்சுப் பன்னிரண்டும் காட்டவைப்பினம், கொஞ்ச நாளிலை பழையபடி விழும். அதாலை சின்ன புளூரூத் கருவி ஒண்டை ஸ்ரேறிங்குக்குக் கீழை குத்தி, லீஃப்ஸ்பை எண்டதை போனிலை போட்டுப் பார். அது கட்டமில்லை, வீதம் காட்டும்.

கணக்கைப் பார். புதுசிலை 24 கிலோவாற் மணி. அறுபத்தைஞ்சு வீதமெண்டால் எடுக்கக்கூடியது பதினாலு பதினைஞ்சு. ஒண்டுக்கு ஆறு கிலோமீற்றர் எண்டாலும் எண்பது தொண்ணூறு. பருத்தித்துறை போய்வரலாம். கிளிநொச்சிக்குப் போனால் அங்கையே பொம்பிளை பாத்துக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

வீட்டிலை சார்ஜ் போடுறதெண்டால் விறாந்தைப் பிளக்கிலை குத்தாதை. அது மணித்தியாலக் கணக்காய் விடாமல் இழுக்கும். பழைய வயரும் பிளக்கும் உருகும். பெட்டியிலையிருந்து தனி லைன், தனி ரிப் சுவிச். ஏர்த் கம்பியைக் கிணத்தடிப் பக்கமாய் இறக்கச் சொல்லு, கோடையிலை எங்கடை கல்லு நிலம் காய்ஞ்சு ஏர்த் வேலை செய்யாது. நிறைய சார்ஜ் போட்டு வெயிலிலை விடாதை, மாமரத்துக்குக் கீழை விடு.

மாமரம் எண்டு எழுதினவுடனை பேனை நிண்டுபோச்சு. மலைக்குப் போற கனவு எனக்கும் வாறதுதான். நேத்தும் வந்தது. நல்ல வெள்ளை, நல்ல இறக்கம், ஓடிக்கொண்டே இருக்கிறன். கீழை வந்து பாத்தால் அது எங்கடை கடற்கரை மணற்காடு. சவுக்கமரமும் கடலும். அப்பா கரையிலை நிக்கிறார். மணற்காட்டு மணலுக்கு எந்த மெழுகு எண்டு கனவுக்குள்ளையே டப்பி டப்பியாய்த் தேடுறன். எழும்பேக்கை நாலு மணி, அத்தான் ரக்சிக்கு வெளிக்கிட்டிட்டார். இந்தப் பந்தியை அம்மாவுக்கு வாசிக்காதை.

அம்மாவின்ரை அட்டியலை அடகு வைச்சுக் கார் எடுக்கிற கதையை விடு. அது சின்னவளுக்கெண்டு அம்மா வைச்சிருக்கிறது, உனக்குத் தெரியும். முதல் அம்மாவின்ரை கண். ஒரு கண்ணிலையாவது புரையை மாசி முடியமுதல் வெட்டுவி. லென்ஸ் காசு என்ரை பொறுப்பு, பத்தாம் திகதிக்குப் பிறகு அனுப்புறன், அதுக்கு முதல் கேக்காதை. மேற்கு வேலிக்குக் குஞ்சியப்புவோடை சண்டை பிடிக்காதை. உறுதியிலை எத்தினை பரப்பு எண்டு பாத்து, நிலஅளவையாளரைக் கூட்டிக்கொண்டு போ. பெரியக்காவிட்டைச் சொல்லு, மூத்தவனின்ரை சாதகம் வந்தது; பொம்பிளை வீட்டுக்காரர் இஞ்சை ஆரெண்டு அத்தான் விசாரிக்கிறார்.

லீஃபைப் பாக்கப் போனால், அந்தச் சின்னக் கட்டத்தையும் போனிலை வாற வீதத்தையும் ஒரே படத்திலை எடுத்து அனுப்பு. காருக்கு ஒரு சதமும் முற்பணம் குடுக்காதை.

இப்படிக்கு,
அன்பு அக்கா

பி.கு: அடுத்த முறை மிளகாய்த்தூளை ரெண்டு பையிலை போட்டுக் கட்டச் சொல்லு. ஒடியல் மா இன்னும் ஒரு சுண்டு அனுப்பலாம்.