தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகும் தோழிக்கு

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் இடம் கிடைத்ததும், ஓசூரில் மகன் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம் என்பதும் ரொம்பச் சந்தோஷம். இங்கே நாங்கள் நலம். பெரியவளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பத்திரிகை பிறகு வரும்.

ஆனால் நீ கடைசியில் கேட்ட கேள்விதான் மனதிலேயே நிற்கிறது. பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு, மீதிப் பேர் கன்னடம், ஈராசிரியர் பள்ளி வேறு, இந்த வயதில் என்னால் முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முடியும் கலா. வேலையில் சேர்ந்த புதிதில் நான் அதே வட்டாரத்துத் தளிப் பக்கம் இருந்தவள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

ஜூன் மாதம் முழுக்க ஒன்றாம் வகுப்பில் சில பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். அந்த மௌனத்தைப் பார்த்து 'மெல்லக் கற்பவர்' என்று எழுதிவிடாதே. இப்படி எழுதப்பட்ட பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. ராகிக் காட்டுக்குள் யானை வந்த கதையை அவர்கள் மொழியில் சொல்லச் சொல்லிப் பார். எந்த வழியாக வந்தது, யார் பட்டாசு வெடித்தார்கள், எவ்வளவு பயிர் போனது என்று ஒன்று விடாமல் சொல்வார்கள். புரியாத இடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள், அவள் தமிழில் சொல்லிவிடுவாள். அவளுடைய தமிழும் அதில் வளரும். 'தமிழில்தான் பேச வேண்டும்' என்ற கட்டளையை மட்டும் முதல் நாளில் போட்டுவிடாதே. போட்டால் பேச்சே நின்றுவிடும், பேச்சு இல்லாமல் எழுத்து எங்கிருந்து வரும்?

நீ பயப்படும் அளவுக்கு அந்த மொழிகள் தூரத்தில் இல்லை. நமக்குப் பால், தெலுங்கில் பாலு, கன்னடத்தில் ஹாலு. பத்து அங்கே ஹத்து, பூ ஹூவு. படத்தைக் காட்டி மூன்றையும் பிள்ளைகளையே சொல்ல வைத்துவிட்டு, அப்புறம் தமிழ்ச் சொல்லைப் பலகையில் எழுது. கணக்கில் இன்னும் சுலபம். ஒந்து, எரடு என்று எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு எண் ஏற்கெனவே தெரியும், நீ பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும்.

ஈராசிரியர் பள்ளி என்றால் ஒன்று முதல் மூன்று வரை அநேகமாக உன் தலையில்தான் விழும். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்று பார்த்துப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் நிலைகள் உனக்குப் பழக்கம்தானே. குழுவாக உட்கார வைப்பதற்கு அவை உதவும். ஆனால் ஒரு குழுவிலேயே ஒரு பிள்ளையை ஆண்டு முழுக்க விட்டுவைக்காதே, வாரம் ஒரு முறையாவது தனியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டு இடம் மாற்று. மூன்றாம் வகுப்பு எழுதும் நேரம்தான் ஒன்றாம் வகுப்போடு பேச உனக்குக் கிடைக்கும் நேரம். அதை எந்தப் பதிவேட்டுக்கும் கொடுக்காதே. செயலியில் வருகை போட நெட்வொர்க் கிடைக்காத நாளும் வரும், அதற்காகக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்காமல் பாடத்தைத் தொடங்கிவிடு.

நான் தளியில் இருந்த காலத்தில் பத்து மணிக்கெல்லாம் பிள்ளைகள் பசியில் சுருண்டு படுப்பார்கள். 2023 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு வந்துவிட்டதால் அந்தக் கவலை உனக்கு இல்லை. சாப்பிட வரும் நேரத்தில் நீயும் போய் நில். சமைக்கும் பெண்கள் உள்ளூர்க்காரர்கள், எந்த வீட்டில் அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார், எந்தப் பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். சுழியம் எழுதத் தெரியாத பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உன் குரலே மாறிவிடும்.

குரல் என்றதும் ஞாபகம் வருகிறது, உனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளுமே. மூன்று வகுப்புக்கும் சேர்த்துக் கத்தாதே, வெந்நீர் கொண்டு போ. பழைய பள்ளியோடு ஒப்பிட்டுப் பார்த்து முதல் பருவத்திலேயே சோர்ந்துவிடாதே. தீபாவளி விடுமுறைக்குள் அவர்கள் உன்னிடம் தமிழில் புகார் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், பார்.

என்னிடம் இருக்கும் படஅட்டைகளை எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். தம்பி மகன் அடுத்த வாரம் ஓசூர் வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். வீட்டு முகவரியும், ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர் என்பதும் எழுது.

அன்புடன்,
வசந்தா