எருமை இல்லாத ஏரி

திருநெல்வேலி

அன்புள்ள கயல்,

நாங்கள் நலம். பரத்பூர் எப்படி இருந்தது என்று நீ போனில் கேட்டாய், "நல்லா இருந்துச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ காடு, மேய்ச்சல் என்றுதான் ஆராய்ச்சி செய்கிறாய். உனக்கு விவரமாகவே எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஆக்ராவில் தாஜ்மகால் பார்த்த மறுநாள் எங்கள் ஓய்வூதியர் குழுவை ராஜஸ்தான் பரத்பூரில் இருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்கு, பறவைகள் பார்க்க, கூட்டிப்போனார்கள். 29 சதுர கிலோமீட்டர்தான். குறிப்பிட்ட இடத்துக்கு மேல் கார், பஸ் போகக்கூடாது. நடக்கலாம், சைக்கிள் ரிக்‌ஷாவில் போகலாம், இல்லையென்றால் வாசலில் சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். ரிக்‌ஷா என்றதும் உன் அப்பா உட்பட பாதிப் பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளிலேயே போய் வேலை பார்த்தவள் நான், எனக்கென்ன! மேடு பள்ளம் இல்லாத நேர் ரோடு. ஜனவரிக் குளிரில் ஹேண்டில்பாரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை, மூடுபனியில் முன்னால் போகிறவர் முதுகுதான் தெரிந்தது. அப்புறம் வெயில் வந்ததும் சரியாகிவிட்டது.

வழிகாட்டியாக வந்தவர் ரிக்‌ஷா ஓட்டுகிற ஒரு சர்தார்ஜி. அவருக்குப் பறவைகளின் ஆங்கிலப் பெயரெல்லாம் அத்துப்படி. ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீருக்குள் கருவேல மரங்கள். மரம் முழுக்க நம் கூந்தன்குளத்து மஞ்சள்மூக்கு நாரைகள். குஞ்சுகள் தாயளவு வளர்ந்துவிட்டன, ஆனால் இன்னும் சாம்பல் நிறம். தாய் வந்து இறங்கியதும் இறக்கையைப் பாதி விரித்துத் தலையை மேலும் கீழும் ஆட்டி ஒரே நச்சரிப்பு. தாய் குனிந்து மீனைக் கூட்டுக்குள் கக்கியதும் சண்டை! சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டோம். வரித்தலை வாத்துகளும் இருந்தன. அவை இமயமலையைத் தாண்டி நம் ஊர் வரைக்கும் வருகிறவை. முள்ளம்பன்றி வளை ஒன்றின் வாசலில் ஒரு மலைப்பாம்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வயிறு சற்றுப் புடைத்திருந்தது. யாரும் கிட்டப் போகவில்லை.

இது தானாக உண்டான காடு இல்லை. பள்ளமாகக் கிடந்த இடத்தில் பரத்பூர் ராஜா சூரஜ்மல் 18ஆம் நூற்றாண்டில் கரை கட்டித் தண்ணீரை நிறுத்தினார். பின்னால் வந்த ராஜாக்கள் அதை வாத்து சுடுகிற இடமாக்கினார்கள். நடுவில் இருக்கும் சிவன் கோயில் பக்கத்தில் ஒரு கல்வெட்டு: யார் வந்தார், எத்தனை துப்பாக்கி, எத்தனை பறவை என்று வரிசையாக. 1938இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்த அன்று மட்டும் 4,273. பெருமையாகத்தான் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அதன் முன் நின்று போட்டோ எடுத்தார்கள், எனக்கு மனம் வரவில்லை.

உனக்காக நான் கேட்டுக்கொண்ட கதை இதுதான். 1982இல் தேசியப் பூங்காவாக்கியதும் மாடு, எருமை மேய்ப்பதற்குத் தடை போட்டார்கள். சுற்றுக் கிராமத்து ஜனங்கள் திரண்டு வந்து எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டதில் சிலர் உயிரே போனது. சரி, பறவைகளுக்காவது நல்லது நடந்ததா? எருமை மேயாததால் நீர்ப்புல் மண்டி ஏரியை மூடிவிட்டது. வாத்துக்கு நீந்த இடமில்லை, நாரைக்கு மீன் பிடிக்க இடமில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல வருஷம் ஆராய்ந்து, புல்லைக் கட்டுக்குள் வைத்திருந்ததே எருமைதான் என்று சொன்னது. உன் ஆச்சியைக் கேட்டிருந்தால் ஒரு நாளில் சொல்லியிருப்பாள். நம் குளத்தில் எருமை இறங்கிப் புரண்ட இடம் எப்போதும் தெளிவாகத்தானே கிடக்கும்?

சைபீரியக் கொக்கு 2002க்குப் பிறகு அங்கே வரவே இல்லை. அதற்கும் எருமைக்கும் முடிச்சுப் போட முடியாது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வருகிற பாதையிலேயே அதை வேட்டையாடித் தீர்த்தார்கள் என்கிறார்கள். சர்தார்ஜி சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம். அது நின்ற இடத்தைக் கையை நீட்டிக் காட்டினார்.

பிற்பாடு சீமைக் கருவேலம் பரவியபோது மட்டும் புத்தியாக நடந்துகொண்டார்கள். வேரோடு தோண்டியெடுத்தால் விறகை நீங்களே கொண்டுபோகலாம் என்று அதே கிராமத்து ஜனங்களை உள்ளே விட்டார்கள். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. எருமைக்கும் அப்படி ஒரு வழி கண்டுபிடிக்க முடியாதா? எத்தனை எருமை, எந்த மாதம் என்று கணக்கு வைத்து விடலாமே. உன் பேராசிரியரிடம் கேட்டு எழுது. அவர் முடியாது என்றால் ஏன் என்றும் கேள்.

மகிழம்பூ முறுக்கும் பருப்புப் பொடியும் பார்சலில் வருகின்றன. பொடியை ஈரக் கையால் எடுக்காதே.

அன்புடன்,
அம்மா