பள்ளிகளில் இராணுவப் பயிற்சி: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேதுராமன்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தேசிய மாணவர் படையான என்.சி.சி.யில் சேர்ந்து முதல் முகாமையும் முடித்துவிட்டாள் என்று படித்து மகிழ்ந்தேன். இங்கே எல்லோரும் நலம். ஆனால், பள்ளிதோறும் இராணுவப் பயிற்சியைக் கட்டாயமாக்கினால்தான் பிள்ளைகளுக்கு நாட்டுணர்வு வரும் என்று நீ எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான என்.சி.சி., விரும்பிச் சேர்வோருக்கான அமைப்பாகவே தொடங்கியது. சீனப் போரின் அதிர்ச்சியில் 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு அது கட்டாயமானது. 1968இல் மறுபடியும் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. அந்த 1968 ஜனவரியில்தான், என்.சி.சி.யில் இந்தி ஆணைகளைக் கைவிட வேண்டும் என்று நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. எல்லோரும் ஒரு நாட்டினர் என்று உணர்த்த வேண்டிய அணிவகுப்பிலேயே, புரியாத மொழியில் ஆணை கேட்டு, பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துத் திரும்பிய மாணவன் தன்னை அயலானாகத்தானே உணர்ந்திருப்பான்?

போரில் தோற்ற நாடும் போருக்கு அஞ்சும் நாடும் முதலில் கைவைப்பது பள்ளிக்கூடத்தில்தான். பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்ஸ், 1882இல் மாணவர் படைகளை அமைத்துச் சிறுவர்களின் தோளில் மரத்துப்பாக்கியைச் சாத்தியது. சுமார் பத்தாண்டுகளில் அந்த ஏற்பாடு மங்கிப்போனது. ஜப்பானில் நடந்தது இதைவிடக் கவலைக்குரியது. 1925இல் இராணுவம் தன் பெரும் படைப்பிரிவுகளான டிவிஷன்களில் நான்கைக் கலைத்தபோது, பணியிலிருந்த அதிகாரிகளை நடுநிலைப் பள்ளி முதல் மேல்நிலைக் கல்விக்கூடங்கள் வரை பயிற்சியாளர்களாக அனுப்பினார்கள். படை சுருங்கியதாக வெளியே தெரிந்தது. வகுப்பறைக்குள் அது வளர்ந்தது. ஆசிரியரைக் கேள்வி கேட்கலாம், அதிகாரியைக் கேட்க முடியாது. அப்படி வளர்ந்த தலைமுறையைத்தான் பின்னால் போருக்கு அனுப்பினார்கள்.

ஒழுங்கும் உடல் வலுவும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விரும்பிச் சேர்ந்து, முன்பின் தெரியாத பிள்ளைகளோடு ஒரே கூடாரத்தில் தங்கி, வெள்ளக் காலத்தில் கயிறு பிடிக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு நாடு என்பது கண்ணெதிரே உள்ள மனிதர்களாகிறது. கட்டாயப்படுத்தப்பட்டவனுக்கோ அது மேலிருந்து வரும் ஆணையாகவும், ஏதோ ஒரு பகைவனின் பெயராகவும் சுருங்கிவிடுகிறது. இந்தியா உள்படப் பெரும்பாலான நாடுகள் ஏற்ற 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 29ஆம் பிரிவும், கல்வி பிள்ளைகளைப் புரிதல், அமைதி, சகிப்புணர்வு ஆகியவற்றோடு வாழத் தயார்ப்படுத்த வேண்டும் என்றே சொல்கிறது.

முகாமில் அவளுக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று பேத்தியிடமே கேட்டு எழுது. கட்டாயம் என்றிருந்தால் சேர்ந்திருப்பாளா என்பதையும் கேள். உன் மறுப்பையும் விரிவாக எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
மாணிக்கம்