வேலி வேலை படிக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ ரெலிபோனில் சொன்னது மனதிலேயே நிற்கிறது. வகுப்பில் இருக்கும் நாட்கள்தான் படிப்பு, மழையில் உயிர்வேலியோடு நிற்பது கூலி வேலைதானே என்று மாமி கேட்டாவாம். அவ கேட்பது பரவாயில்லை. உனக்கும் அந்த எண்ணம் தொற்றிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். கன்ட்ரிசைட் மேனேஜ்மென்ட், அதாவது நாட்டுப்புற நிலத்தைப் பராமரிக்கும் படிப்பில் அந்த மழை நாட்கள்தான் முக்கியமான பாடம்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலியில் நிற்கும் ஹாதோர்ன் என்ற முட்செடியின் தண்டை அடியில் ஏறக்குறைய முழுவதும் வெட்டி, ஒரு பக்கத்துப் பட்டையும் கொஞ்சம் மரமும் மட்டும் விட்டுச் சாய்த்திருக்கிறாய். அந்த மெல்லிய பட்டை வழியாகத்தான் தண்ணீர் ஏறும்; வெட்டிய அடியிலிருந்து புதுத் தளிர் வரும். அதிகம் விட்டால் வளையாமல் பிளந்துபோகும், அதிகம் வெட்டினால் செத்துவிடும். அந்த அளவு கைக்குப் பழகித்தான் வரும். ஊரில் கிளுவைக் கதியால் நட்டு வேலி அடைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நட்ட தடி வேர்விட்டுத் துளிர்க்கும், குழையை வெட்டி ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் போடுவோம். உயிருள்ள வேலிக்கு ஆள் தேவை என்பது எனக்குப் புதிதல்ல.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் பாதி வேலி போய்விட்டது. பெரிய இயந்திரம் திரும்ப இடம் வேண்டும் என்று அரசே பணம் கொடுத்துப் பிடுங்க வைத்த காலமும் இருந்தது. மிஞ்சியதையும் பல இடங்களில் வருடா வருடம் ட்ராக்டரால் மொட்டையடிக்கிறார்கள். ஹாதோர்ன் போன வருடக் கிளையில்தான் பூக்கும். எல்லாக் கிளையையும் ஒவ்வொரு வருடமும் வெட்டினால் பூ ஏது, பழம் ஏது? குளிர்காலத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வரும் ரெட்விங் பறவைக்குச் சாப்பாடு ஏது? இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள் என்று நீ ஒரு விவசாயியிடம் சொல்லும்போது, உன் கையில் காய்ப்பு இருந்தால் அவர் நின்று கேட்பார்.

சட்டப் பாடத்தையும் விட்டுவிடாதே. விவசாய நிலத்தில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பொதுவாக வேலி வெட்டக் கூடாது, வயல் நடுவே போகும் பொது நடைபாதையை உழுதால் 14 நாளில் சரிசெய்து தர வேண்டும். இதெல்லாம் உன் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

சம்பளம் பெரிதாக இருக்காது, முதலில் பருவகால வேலைதான் கிடைக்கும். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். மாமிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ செயின்சோ என்ற மரம் அறுக்கும் இயந்திர வாள் பயிற்சியை முடி. ஆனால் ஆஷ் மரத்தில் மட்டும் அவசரப்படாதே. 2012-இல் இந்த நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் பூஞ்சை நோய் பிடித்த மரம் உலர்ந்து நொறுங்கும், கிளை எப்போது விழும் என்று சொல்ல முடியாது. பயிற்றுவிப்பவர் பக்கத்தில் இல்லாமல் அதில் கை வைக்காதே.

வகுப்பில் நம் நிறத்தில் நான் மட்டும்தான் என்று ஒரு முறை சொன்னாய். கின்டர் ஸ்கௌட் மலையைப் பற்றி உனக்குப் பாடம் வந்திருக்கும். 1932 ஏப்ரல் 24 அன்று, மக்கள் அங்கே நடக்கக் கூடாது என்று நிலச் சொந்தக்காரர்கள் போட்ட தடையை மீறி நூற்றுக்கணக்கானோர் அங்கே ஏறினார்கள். முன்னின்ற பென்னி ரொத்மனுக்கு 20 வயது, மான்செஸ்டரில் குடியேறிய யூதக் குடும்பத்துப் பையன். நான்கு மாதம் சிறைத்தண்டனை கொடுத்தார்கள். 1951-இல் அதே மலையைச் சேர்த்து பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. வந்தேறியின் பிள்ளைக்கு அந்த மலையில் என்ன வேலை என்று உன்னை யாராவது கேட்டால், அவன் பெயரைச் சொல்.

ஏப்ரலில் நானும் அம்மாவும் வருகிறோம். கின்டர் மேலே கூட்டிக்கொண்டு போ. ஆலைப் புகையில் பாசி செத்து வெறுமையான பீட் நிலத்தில், அதாவது மக்கிய செடிகள் படிந்த ஈர நிலத்தில், இப்போது ஸ்ஃபேக்னம் பாசி நடுகிறார்கள் என்றாயே, அதைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு நல்ல பூட்ஸ் வாங்க வேண்டும். எந்த வகை, எங்கே வாங்கலாம் என்று எழுது.

அன்புடன்,
அப்பா