விலைக் கணக்கும் குறுக்குவழியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளிகளில் விலைக் கணக்கு சொல்லித்தரும் விதம் பற்றிச் சில வார்த்தைகள்.

'மொத்தம்', 'அதிகம்' என்று வந்தால் கூட்டு, 'மீதி', 'குறைவு' என்று வந்தால் கழி. பல வகுப்புகளில் பிள்ளைகளுக்கு முதலில் கிடைப்பது இந்தக் குறுக்குவழிதான். இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளை கணக்கை முழுதாகப் படிப்பதில்லை. 'இங்கே ஒரு தேங்காய் 35 ரூபாய். இது பக்கத்துக் கடை விலையைவிட 5 ரூபாய் அதிகம். பக்கத்துக் கடையில் 4 தேங்காய் வாங்க எவ்வளவு ஆகும்?' என்று கேட்டுப் பாருங்கள். 'அதிகம்' கண்ணில் பட்டதும் கூட்டி, 40-ஐ நான்கால் பெருக்கி 160 என்பார்கள். விடை 120. பெருக்கலில் தப்பே இல்லை. எந்தக் கடையில் விலை கூட என்று யோசிக்கத்தான் யாரும் பழக்கவில்லை.

இதே பிள்ளைகள் கடைக்குப் போனால் கதையே வேறு. தக்காளி கிலோ 40 ரூபாய் என்றால் முக்கால் கிலோவுக்கு எவ்வளவு? அரை கிலோ 20, கால் கிலோ 10, ஆக 30 என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடும். வகுப்பில் அப்படி எழுதினால் 'படிகள் எங்கே?' என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். இது பெரிய அநியாயம். 40-ஐ ஆயிரத்தால் வகுத்து 750-ஆல் பெருக்குவது மட்டும்தான் கணக்கா?

கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறார்களிடம் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் செய்த ஆய்வு 2025-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்தது. வியாபாரத்தில் மனக்கணக்காகவே சரியாகச் சொன்ன சிறார்கள், பாடப்புத்தக முறையில் கேட்டபோது திணறினார்கள். பள்ளி மட்டுமே அறிந்த பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இரண்டுக்கும் நடுவே பாலம் போட வேண்டியது வகுப்பறைதானே?

இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. கடைசிக் கேள்வியை மறைத்துவிட்டு, கணக்கைப் பிள்ளை தன் வார்த்தையில் சொல்லட்டும். என்ன தெரியும், என்ன தெரியாது, விடை சுமாராக எவ்வளவு வரும் என்று பேசிவிட்டு அப்புறம் பென்சிலை எடுக்கட்டும். ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய் என்று வீட்டுக்குத் தெரிந்த விலைகளிலேயே கணக்கு போடலாம். விடைத்தாள் திருத்தும்போது, சரியாக யோசித்த எந்த வழிக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறை எழுத்து மூலம் அறிவுறுத்த வேண்டும். அது வந்தால்தான் ஆசிரியர்களும் தயங்காமல் மதிப்பெண் போடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
திருவாரூர்